'ஆச்சு' சொல்லும்வரை

மார்ச் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. நீயும் கேட்காதே. தினமும் போன் செய்கிறாய், நான் எடுப்பதில்லை. எடுத்தால் நீ அழுவாய், உன்னைத் தேற்றுகிற வேலையும் என் தலையில் விழும். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. பதிலையும் எழுதியே அனுப்பு.

வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். வீட்டில் நானும், மகள் வீட்டிலிருந்து காரியத்துக்கு வந்து தங்கியிருக்கும் அத்தையும்தான். மகனைப் பறிகொடுத்தவளும் புருஷனைப் பறிகொடுத்தவளும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் தட்டை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுகிறோம். அவருடைய சக்கர நாற்காலி ஹால் நடுவில் அப்படியே நிற்கிறது. மடித்து வைக்க மனசு வரவில்லை. அதில் இடித்துக்கொண்டே நடக்கிறோம்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். நீ பழக்கிக் கொடுத்த நாய் ஏன் பட்டனை அழுத்தவில்லை?

நாற்காலியிலிருந்து டாய்லெட்டுக்கு மாறும்போது விழுந்திருக்கிறார். வாஷ்பேசின் விளிம்பு தலையில் பட்டிருக்கிறது. வெளியே பெரிய காயம் இல்லை, ரத்தம் உள்ளுக்குள்ளேயே கசிந்திருக்கிறது. "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தீங்கன்னா ஏதாவது பண்ணியிருக்கலாம்மா" என்றார் டாக்டர். நல்ல மனுஷன், மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் நான் மருந்துக் கிடங்கில் அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் முடியும்வரை போனை லாக்கரில் பூட்டி வைப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். அதற்காகத்தானே கீழ்வீட்டுத் தையல்காரர் வீட்டிலும் மணி மாட்டினாய்? அவர் அன்றைக்கு மிஷினை விட்டு எழவே இல்லையாம். நாள் பூராவும் மணி அடிக்கவில்லையாம்.

பட்டன் குளியலறை வாசலுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மஞ்சளாக இருக்கிறது. மூக்கால் ஒரு முட்டு முட்டினால் போதும், கீழ்வீட்டில் மணி அடிக்கும். சாக்ஸை உருவத் தெரியும், கீழே விழுந்த சாவியை எடுத்து மடியில் வைக்கத் தெரியும், ஃப்ரிட்ஜ் கதவைத் துணி பிடித்து இழுத்துத் திறக்கத் தெரியும். விபத்தில் கால்கள் செயலிழப்பதற்கு முன் இவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தபோது ஒரு சூப்பர்வைசர் இந்த நாய் பார்ப்பது மாதிரியே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே நிற்பானாம். அதனால் உங்கள் நாய்ப் பயிற்சி மையத்தில் வைத்த பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு 'சூப்பர்வைசர்' என்றே கூப்பிட்டார். அந்தச் சூப்பர்வைசர் உண்மையிலேயே தேவைப்பட்ட ஒரு நாளில் சும்மா படுத்துக் கிடந்தது.

"நாய் இருக்கு, தைரியமா வேலைக்குப் போ அக்கா" என்று சொன்னது நீ. உன் பேச்சை நம்பித்தான் போனேன். இதை நீ மறக்கக்கூடாது. நாயை உன்னோடு அனுப்பியது அனுப்பியதுதான்.

அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே சுற்றுகிறேன். பதில் எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறது. என்ன எழுதினாலும் சாக்குச் சொல்வது மாதிரியே தெரிகிறது.

விழுந்தால் பட்டனை அழுத்த நாயை எப்படிப் பழக்குகிறோம் என்று உனக்குத் தெரியும். நான்தான் நாற்காலியில் உட்கார்ந்து விழுவேன். முன்பக்கமாக, பக்கவாட்டில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் என்று விதவிதமாக விழுவேன். என் இடுப்பில் எப்போதும் ஒரு கன்றிய காயம் இருக்கும். "இதையும் சம்பளத்தோட சேத்துக் குடுக்கறாங்களாடா?" என்று மாமா கேட்பார். எத்தனையோ வீடுகளுக்கு நாய் கொடுத்திருக்கிறோம். பயிற்சியாளர் தன் சொந்தக்காரர்களுக்கு நாய் பழக்கக்கூடாது என்று மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் மாமாவுக்கு நானே பழக்கினேன். இருப்பதிலேயே நல்ல நாயைத்தான் எடுத்தேன் அக்கா. இதை மட்டும் நம்பு.

இப்போது அதைக் கடைசி வரிசைக் கூண்டில் வைத்திருக்கிறார்கள். வாசலில் சிவப்பு அட்டை தொங்குகிறது. வேலைக்கு எடுக்கக்கூடாது என்று அர்த்தம். சரியாகச் சாப்பிடுவதில்லை. யார் போனாலும் எழுந்து வருவதில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறது. நான் அதைச் சோதித்துப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்கிறார் மேலாளர்.

அதற்கு முன் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு நீ கதவைத் திறந்தபோது அது எங்கே இருந்தது? எப்போதும் போல வாசலுக்கு ஓடி வந்ததா, வரவில்லையா? சின்ன விஷயம்தான், ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

தம்பி

மார்ச் 16

தம்பிக்கு,

வந்தது. எப்போதும் போல வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தது. போதுமா? இன்னும் என்ன தெரிய வேண்டும்? நான் என்ன செருப்பு போட்டிருந்தேன், கையில் எந்தப் பையை வைத்திருந்தேன், எல்லாம் எழுதட்டுமா? போலீஸ்காரர்கூட என்னை இப்படிக் குடையவில்லை.

உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன். நீ என்னிடம் ஒரு கேள்வியைத் திருப்பி அனுப்புகிறாய். சின்ன வயசிலேயே உனக்கு இந்தப் புத்தி உண்டு. கண்ணாடியை உடைத்துவிட்டு "கண்ணாடியை ஏன் இங்க வெச்சீங்க?" என்று கேட்டவன்தானே நீ.

அத்தை என்னைத் திட்டுவதில்லை. திட்டினால்கூடத் தேவலை. பாத்திரம் துலக்கிக்கொண்டே சுவரிடம் பேசுகிறார். "நாய்க்குப் பதிலா ஒரு ஆளப் போட்டிருக்கலாம். பொண்டாட்டியே வீட்ல இருந்திருக்கலாம்." நான் அவர் துலக்கியதை அடுக்கி வைக்கிறேன்.

நீ பழக்கியதில் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. மனிதர்தானே, நடக்கும். அதை ஒப்புக்கொள்ள உனக்குத் தைரியம் இருந்தால் எழுது. இல்லையென்றால் எழுதாதே.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சோதித்துப் பார்த்துவிட்டேன். நீ சொன்னதுதான் சரி. தப்பு என்னுடையது.

பயிற்சியில் நான் விழும்போதெல்லாம் என்னை அறியாமல் "ஐயோ" என்றோ "அம்மா" என்றோ சத்தம் போட்டிருக்கிறேன். நாய் அந்தச் சத்தத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. விழுவதைப் பார்த்து அது ஓடவில்லை, சத்தத்தைக் கேட்டுத்தான் ஓடியிருக்கிறது. மாமா சத்தமில்லாமல் விழுந்திருப்பார். அது என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் படுத்துவிட்டது. சத்தம் போடாமல் ஒரு தடவைகூட நான் விழுந்து காட்டவில்லை. இது கற்றுக்குட்டி செய்கிற தப்பு. இப்படியே மேலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நான் பழக்கிய எல்லா நாய்களையும் வீடுகளிலிருந்து திரும்ப அழைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. நேற்று ஒரு கணக்கு டீச்சர் தன் நாயைக் கொண்டுவந்து விட்டார். அதனுடைய போர்வையைத் துவைத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். நாற்காலியில் தனியாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர், இனிமேல் அண்ணன் வந்து தள்ளினால்தான் உண்டு. "இவ என்ன தப்பு செஞ்சா?" என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டது நாயைப் பற்றி. நான் போர்வையை வாங்கிக்கொண்டேன்.

என்னைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது கூண்டு கழுவுகிறேன். வேலையே போய்விடும் போலத்தான் இருக்கிறது. சூப்பர்வைசரை இனி யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். யாராவது கேட்டால் வீட்டு நாயாகக் கொடுக்கலாம் என்கிறார்கள். ஒரு சாவில் பேர் அடிபட்ட நாயை யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அந்தக் கூண்டிலேயே கிழடு தட்ட வேண்டியதுதான்.

உன் கோபம் நியாயமானது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். மாமாவின் அம்மாவிடமும் என்னைத்தான் சொல்லு. நீ வேலைக்குப் போனது தப்பே இல்லை, அதை மனசில் வைத்துக்கொண்டு புழுங்காதே.

தம்பி

ஏப்ரல் 13

டேய்,

உனக்குப் பொய் சொல்ல வரவே வராது. எழுதினாலும் வரவில்லை.

நாயை வீட்டில் கொண்டுவந்து விட்டபோது எங்களோடு தங்கிப் பழக்கிக் கொடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாள் நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ அவருடைய நாற்காலியிலிருந்து வாயை இறுக மூடிக்கொண்டு மெதுவாகச் சரிந்து விழுந்தாய். எனக்கே நீ விழுந்தது தெரியவில்லை, நாய் என் காலை உரசிக்கொண்டு ஓடியபோதுதான் திரும்பிப் பார்த்தேன். தையல்காரர் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே மாடி ஏறி வந்தார். "சத்தமில்லாமத்தான் முக்கால்வாசிப் பேர் விழுவாங்க அக்கா, அதனால அதத்தான் நெறைய பழக்குவோம்" என்று நீயே சொன்னாய். இப்போது ஒரு தடவைகூடச் செய்யவில்லை என்கிறாய்.

நாய்க்குத் தெரியும். அதற்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். அப்படியானால் அது ஏன் எழுந்திருக்கவில்லை என்பதையும் நீ கண்டுபிடித்துவிட்டாய். எனக்காகத்தான் மூடி மறைக்கிறாய். என்னிடமிருந்தே மறைக்கிறாயாம். கேள் தம்பி, எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

நான் கதவைத் திறந்தபோது அது வரவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். ஏதோ விழுந்த சத்தம் கேட்டுப் போனேன். இவர் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் தரையில் கிடந்தார். நாய் பட்டனுக்கு ஓடத் திரும்பிவிட்டது. இவர் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டி "இரு" என்றார். அது உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டே படுத்தது. அப்புறம் அதன் முதுகுப்பட்டைக் கைப்பிடியை ஒரு கையிலும் கட்டில் காலை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்தார். வெகு நேரம் ஆனது. உதவிக்குப் போன என்னையும் "இரு" என்றார். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "ஆச்சு" என்று நாய்க்கு விடுதலை கொடுத்துவிட்டு, சட்டையெல்லாம் வியர்வையோடு சிரித்தார் பார். விபத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

பட்டனை அழுத்தினால் தையல்காரர் வருவார், தங்கமான மனிதர். பின்னாலேயே அவர் மனைவி வருவார், பிள்ளைகள் வாசலில் வந்து நிற்கும். சில சமயம் இவர் இடுப்பில் துணி சரியாக இருக்காது. "மூட்டை தூக்கற மாதிரி தூக்கறாங்கடி" என்றார் என்னிடம். "என் காலு என் பேச்சக் கேக்கறதில்ல. இந்த வீட்ல என் பேச்சக் கேக்கற ஒரே ஆளு சூப்பர்வைசர்தான். உன் தம்பிகிட்ட சொல்லிடாத. மணிய நிறுத்தறேன்னு தெரிஞ்சா நாயத் திருப்பி எடுத்துக்குவாங்க." அது உங்கள் விதி என்று எனக்கும் தெரியும். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். மனசார செய்தேன். அந்தச் சிரிப்பு எனக்கும் வேண்டியிருந்தது.

அன்றைக்கு நான் குளியலறைக்குள் போனபோது அது அவர் மார்பில் தாடையை வைத்துப் படுத்திருந்தது. கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. உடம்பு அசையவில்லை. அவர் கை அதன் கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தது. விரல்களை நான்தான் விடுவித்தேன். அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அது அதே இடத்தில் கிடந்தது. துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன், அப்போதும் ஈரத்தரையில் கிடந்தது. வீட்டுக்குள் ஒரு நாளும் அசுத்தம் செய்யாத நாய், படுத்த இடத்திலேயே போயிருந்தது. நான்தான் "ஆச்சு" என்றேன். அதற்கு அப்புறம்தான் எழுந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் உன்னைக் கேட்டேன், ஏன் அழுத்தவில்லை என்று. நாயின் மேல் போட்டேன், உன் மேல் போட்டேன். அவர்மேல் போட வாய் வரவில்லை. என்மேல் போட்டுக்கொண்டால் நான் எப்படிக் காலையில் எழுந்து பல் விளக்குவேன்?

நீ கூண்டு கழுவ வேண்டாம். உன் மேலாளரின் முகவரியை அனுப்பு.

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

முகவரி அனுப்ப மாட்டேன்.

ஆமாம், எனக்குத் தெரிந்துவிட்டது. பயிற்சி அறையில் வாயை மூடிக்கொண்டு விழுந்தேன். ஒவ்வொரு தடவையும் ஓடிப் போய் அழுத்தியது. பிடித்த தீனியைப் போட்டுக் கவனத்தைத் திருப்பினேன், அப்போதும் அழுத்தியது. கடைசியில் விழுந்த இடத்திலிருந்து உள்ளங்கையைத் தூக்கி "இரு" என்றேன். விழுந்த பிறகு "இரு" என்று சொல்லி நாங்கள் பழக்குவதே இல்லை. ஆனால் அது ரொம்ப நாள் பழகினது மாதிரி வந்து, என் மார்பில் தாடையை வைத்துப் படுத்தது. என் கையைத் தன் கைப்பிடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கொடுத்தது. வெகு நேரம் கழித்துத்தான் "ஆச்சு" என்றேன். அதுவரை அது அசையாமல் இருந்தது.

மாமா சாக நினைக்கவில்லை. அவர் கை கைப்பிடியில் இருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்திருக்கிறார். அடி எவ்வளவு பலம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அப்புறம் நினைவு தப்பியிருக்கும், "ஆச்சு" சொல்ல ஆள் இல்லாமல் போயிருக்கும். ஆனால் வெளியில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் புரியாது. வேண்டுமென்றே செத்தான் என்பார்கள், பெண்டாட்டிக்கும் தெரிந்திருக்கிறது என்பார்கள். அவருடைய அம்மா காதில் இது விழ வேண்டுமா? பழி என்மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு வேறு வேலை கிடைக்காதா என்ன?

இன்னொன்றும் இருக்கிறது. இது தெரிந்தால் மையத்தில் அடுத்து என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆள் விழுந்துவிட்டால் அதற்கப்புறம் அவர் "இரு" என்று சொன்னாலும் கேட்காதே என்று எல்லா நாய்களுக்கும் பழக்கச் சொல்வார்கள். என்னால் அது முடியாது அக்கா. ஒருவருக்குக் கால் போச்சு, கை போச்சு, பேச்சுக்கு மரியாதை மட்டும்தான் மிச்சம் என்கிறபோது, அவருடைய நாயே அவர் பேச்சைக் கேட்காமல் ஓடுவதா? மாமா உயிரோடு இருந்தால் என்னை வாசப்படி ஏறவிடமாட்டார்.

இதை இத்தோடு விட்டுவிடு.

தம்பி

மே 5

அன்புள்ள தம்பிக்கு,

நீ முகவரி தராவிட்டால் எனக்குக் கிடைக்காதா? நாய் தின்கிற தீனி மூட்டையோடு உங்கள் மையம் கொடுத்த அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. இருந்ததை இருந்தபடி எழுதி அனுப்பிவிட்டேன். மணியை நிறுத்தியது அவர், தெரிந்தும் மறைத்தது நான், பழக்கியவனிடம் குறை இல்லை என்று எழுதினேன். உன் மேலாளர் பதில் போட்டிருக்கிறார். நாய்களைத் திருப்பி அனுப்புகிறார்களாம். கணக்கு டீச்சருக்கு நல்ல காலம். பொய் அறிக்கை கொடுத்ததற்கு உன்னை என்ன செய்வார்கள் என்று எழுதவில்லை. அதை நீ செய்தாய், நீ பட்டுக்கொள்.

அத்தையிடமும் சொன்னேன். அனுப்புவதற்கு முன் கடிதத்தைப் படித்தே காட்டினேன். பாத்திரத்தைக் கழுவி முடித்தார். கையைத் துடைத்தார். "அவன் சின்னதுல நடக்கப் பழகறப்பவும் கையக் குடுத்தா தட்டி விடுவான்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், சுவரைப் பார்த்து இல்லை. அப்புறம் தன் மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. திரும்பி வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. நாற்காலியைத் துடைத்து மடித்து வைத்துவிட்டேன். இடிக்க ஆள் இல்லாததால் மடித்தேனோ என்னவோ.

உன்னிடம் ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் "ஆச்சு" என்றதும் அது எழுந்தது என்று எழுதினேன் இல்லையா. எழுந்து என்ன செய்தது என்று எழுதவில்லை. கால் மரத்துப் போயிருந்தது, ஈரத்தில் வழுக்கி விழுந்தது, மறுபடி எழுந்தது. அவரைத் தேடவில்லை. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போகவில்லை. நொண்டிக்கொண்டே நேராகக் குளியலறை வாசலுக்குப் போய், பட்டனை மூக்கால் முட்டியது. கீழே மணி அடித்தது. தையல்காரர் அவரோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் மனைவிதான் மூச்சிரைக்க ஓடி வந்து, "யாரு விழுந்தா? யாரு விழுந்தா?" என்று கேட்டார். அது மறுபடியும் முட்டியது. நான் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கும்வரை முட்டிக்கொண்டே இருந்தது.

அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர் விழுந்ததிலிருந்தே தெரியும் தம்பி. ஓடிப் போய் அழுத்த வேண்டும் என்று தெரிந்தேதான், அவர் மூச்சு குறைவதைத் தாடையில் உணர்ந்துகொண்டே, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்திருக்கிறது. அதைவிட அவருக்கு மரியாதை கொடுத்தவர்கள் இந்த வீட்டில் யாரும் இல்லை. நானும் மரியாதை கொடுத்தேன். பலன் என்ன? நான் ஒற்றைத் தட்டில் சாப்பிடுகிறேன்.

அதனால் நீ பழக்கு. விழுந்தவர் "இரு" என்றாலும் இருக்காதே, கையைக் காட்டினாலும் பார்க்காதே, கத்தினாலும் கேட்காதே, ஓடிப்போய் அழுத்து என்று ஒவ்வொரு நாய்க்கும் பழக்கு. உன்னால் முடியாது என்று மறுபடி எழுதாதே. முதலில் சூப்பர்வைசருக்குப் பழக்கு, அப்புறம் அதை யாருக்காவது கொடு. எனக்கு வேண்டாம், நான் நன்றாகத்தான் நடக்கிறேன்.

உன் மாமாவுக்கு இது பிடிக்காது. என்னோடு பேசவே மாட்டார். தெரிந்துதான் சொல்கிறேன், பழக்கு.

அக்கா